தாளின் வயது

அனல்மின் நிலையத்தைப் பார்க்கப் போகிறவர்களின் கண் முதலில் உயரத்துக்குப் போகும். புகைபோக்கி, குளிர்கோபுரம், நிலக்கரியைச் சுமந்து மேலேறும் கன்வேயர். டர்பைன் கூடத்தின் வெளிச்சுவரை ஒட்டி, ஜல்லி பரப்பிய குழியின் மேல், இருபுறமும் தீத்தடுப்புச் சுவர் எழுப்பி நிறுத்தியிருக்கும் சாம்பல்நிற இரும்புத் தொட்டியின் முன்னால் நின்று யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை. நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் அதை ஜி.டி. என்பார்கள். ஜெனரேட்டர் ட்ரான்ஸ்பார்மர். யூனிட் பெற்றெடுக்கும் மின்சாரம் ஊருக்குப் போவது அதன் வழியாகத்தான்.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் யூனிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜெனரேட்டரில் மின்சாரம் 15,750 வோல்ட்டில் பிறக்கிறது. முழுச் சுமையில் ஏறத்தாழ 9,000 ஆம்பியர் ஓடும். அதை அப்படியே மதுரைக்குக் கொண்டுபோகும் கம்பி உலகத்தில் இல்லை. பெரிய அலுமினியக் குழாய்களுக்குள் சில பத்து மீட்டர் தூரம் கொண்டுவந்து ஜி.டி.யில் விடுகிறார்கள். மறுபக்கம் அது 2,30,000 வோல்ட்டாக வெளியேறும்போது மின்னோட்டம் 620 ஆம்பியரை ஒட்டி இறங்கியிருக்கும். கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருபடியைப் பின்பற்றுவதால், அதே கம்பியில் இழப்பு இருநூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. 1932-இல் பைக்காராவில் மலையிலிருந்து குழாயில் இறங்கிய தண்ணீர், 66,000 வோல்ட்டாகிக் கோயம்புத்தூர் மில்களுக்குப் போய்ச் சேர்ந்ததும் இந்தக் கணக்கில்தான். மின்மாற்றி இல்லையென்றால் பைக்காரா மின்சாரம் சிங்காராக் காட்டுக்கு வெளிச்சம் போட்டதோடு நின்றிருக்கும்.

இத்தனையும் செய்கிற எந்திரத்தில், வெளியே மாட்டியிருக்கும் விசிறிகளையும் எண்ணெய் பம்புகளையும் விட்டுவிட்டால், சுழல்கிற உறுப்பு எதுவும் இல்லை. கிட்டப் போனால் கேட்கும் ரீங்காரம், உள்ளே அடுக்கிய உருக்குத் தகடுகள் வினாடிக்கு நூறு முறை இம்மியளவு நீண்டு சுருங்குவதால் வருவது. தேயும் பேரிங் இல்லை. வெடிப்பு விழும் பிளேடு இல்லை. நூறு அலகு உள்ளே போனால் தொண்ணூற்று ஒன்பதரைக்கு மேல் வெளியே வருகிறது. மனிதர் செய்த எந்திரங்களில் இவ்வளவு குறைவாக வீணடிப்பது அபூர்வம். ஆனாலும் முப்பது, நாற்பது ஆண்டுகளில் ஒருநாள் இதை மாற்றியாக வேண்டும் என்று பொறியாளர்கள் சொல்கிறார்கள். தேயாத எந்திரத்தில் எதற்கு வயதாகிறது?

தாளுக்கு.

*

தொட்டிக்குள் எண்ணெயில் மூழ்கி நிற்கும் செம்புச் சுருள்களின் ஒவ்வொரு கம்பியின் மேலும் தாள் சுற்றியிருக்கும். ஊசியிலை மரக்கூழில் செய்த பழுப்புநிற கிராஃப்ட் தாள். லட்சக்கணக்கான வோல்ட்டுக்கும் ஒரு பேரழிவுக்கும் இடையில் நிற்பது, எண்ணெயில் ஊறிய இந்த மரநார்தான். இதில் வியப்பு என்னவென்றால், தொடக்கத்திலிருந்தே இது மாறவில்லை. 1831 ஆகஸ்ட் 29 அன்று மைக்கேல் ஃபாரடே இரும்பு வளையத்தின் இரு பக்கமும் கம்பி சுற்றி, ஒரு பக்கத்து மின்னோட்டத்தை நிறுத்தித் தொடங்கும்போது மறுபக்கத்தில் மின் துடிப்பு தோன்றுவதைக் கண்டார். கம்பிச் சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்க அவர் இடையில் வைத்தது சணலும் பருத்தித் துணியும். பருத்தியும் மரக்கூழும் ஒரே பொருளின் இரு வடிவங்கள்: செல்லுலோஸ். 1885-இல் புடாபெஸ்டின் கான்ஸ் தொழிற்சாலையில் சிபெர்னோவ்ஸ்கி, டேரி, பிளாத்தி ஆகிய மூவர் இன்றைய வடிவத்துக்கு வழிவகுத்த மின்மாற்றியைச் செய்தார்கள். அதற்குப் பிறகு உருக்கு மாறியது, எண்ணெய் மாறியது, கணக்கிடும் முறை மாறியது. உள்ளே இருப்பது இன்றும் மரநார்.

செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி. புதுத் தாளில் ஒரு சங்கிலிக்கு ஆயிரத்தை ஒட்டிய கண்ணிகள் இருக்கும். ஆய்வகத்துக்காரர்கள் இந்த எண்ணை டி.பி. என்பார்கள். வெப்பமும் ஈரமும் ஆக்ஸிஜனும் சேர்ந்து சங்கிலியை அங்கங்கே அறுக்கின்றன. ஆயிரம் ஐந்நூறாகிறது, ஐந்நூறு முந்நூறாகிறது. இருநூறை நெருங்கும்போது தாளின் இழுவலிமை போய்விட்டது என்று பொருள். இந்தச் சிதைவு தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் தன்மையுள்ளது. சங்கிலி அறும்போது தண்ணீரும் அமிலமும் பிறக்கின்றன. அந்தத் தண்ணீரும் அமிலமுமே அடுத்த அறுப்பை விரைவுபடுத்துகின்றன. சர்வதேசத் தரவிதிகள் வைத்திருக்கும் கணக்கு இது: சுருளின் மிகச் சூடான புள்ளி 98 டிகிரி செல்சியஸில் இருந்தால் சாதாரணத் தாள் அதற்குரிய வேகத்தில் மூப்படையும். அதற்கு மேல் 6 டிகிரி ஏறினால் வேகம் இரட்டிப்பு. இன்னொரு 6 டிகிரி ஏறினால் நான்கு மடங்கு. வெளியே ஒரு விசிறி ஓடாமல் நின்றுபோனதைச் சித்திரை மாதத்தில் ஒரு வாரம் யாரும் கவனிக்கவில்லையென்றால், அந்த வாரத்துக்கான வட்டி தாளில் ஏறிவிடும். அது திரும்பி இறங்காது.

எண்ணெய் கெட்டால் வடிகட்டலாம், வேறு எண்ணெய் ஊற்றலாம். மின்கம்பி தொட்டிக்குள் நுழையும் வாயிலில் நிற்கும் மின்தடுப்புக் குழலான புஷிங் பழுதானால் புதிது மாட்டலாம். ரேடியேட்டர், விசிறி, பம்பு, ரிலே எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகலாம். தாளை மட்டும் மாற்ற முடியாது. தாளை மாற்றுவதென்றால் சுருளை அவிழ்த்துப் புதிதாகச் சுற்றவேண்டும். அது மறுபடி ஒரு மின்மாற்றியைச் செய்வதுதான்.

தாளின் மூப்பில் விபரீதமான குணம் ஒன்று உண்டு. பலம் போன தாள் மின்தடுப்பில் உடனே தோற்பதில்லை. அசையாமல் இருக்கும்வரை நொறுங்கும் நிலையிலுள்ள தாளும் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். பரணில் கிடக்கும் பழைய ஓலைச்சுவடியில் எழுத்து தெளிவாகத்தான் இருக்கிறது. பிரிக்கும்போதுதான் ஏடு உதிர்கிறது. மின்மாற்றிக்கு அந்தப் பிரிக்கும் கை வெளியிலிருந்து வருகிறது. பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு கோபுரத்தில் இடி விழுந்து லைன் ஷார்ட் ஆனால், சுருள்களில் ஒரு கணம் வழக்கத்தைப்போல் ஏழு மடங்கு வரை மின்னோட்டம் பாயலாம். செம்புக் கம்பிகளைத் தள்ளி நெரிக்கும் விசை மின்னோட்டத்தின் இருபடி. ஆகவே ஏறத்தாழ ஐம்பது மடங்கு. இளம் தாள் அந்த உலுக்கலோடு வளைந்துகொடுக்கும். முதிர்ந்த தாள் விரியும். விரிசலில் இரண்டு கம்பிகள் முகம் பார்த்துக்கொண்டால் மீதிக் கதை சில நொடிகளில் முடிந்துவிடும்.

நேற்று வரை நன்றாக ஓடியது என்பது இந்த எந்திரத்தின் விஷயத்தில் நற்சான்றே ஆகாது. நான் இந்தக் கட்டுரையில் சொல்ல நினைப்பதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

*

தொட்டியைத் திறந்து பார்க்க முடியாது. திறந்தால் உள்ளே ஈரம் புகும். ஆகவே எண்ணெயைக் கேட்கிறார்கள். கண்ணாடி சிரிஞ்சில் காற்றுப் படாமல் எடுத்த எண்ணெய் ஆய்வகத்துக்குப் போகிறது. அதில் கரைந்திருக்கும் வாயுக்கள் உள்ளே நடப்பதைச் சொல்லும். ஹைட்ரஜன் ஏறினால் எங்கோ மெல்லிய மின்கசிவு. எத்திலீன் ஏறினால் எண்ணெய் கடுமையாகச் சூடேறும் ஓர் இடம் இருக்கிறது. அசெட்டிலீன் தென்பட்டால் உள்ளே மின்பொறி பறந்திருக்கிறது. ஷிப்டில் யாரும் அன்று நிம்மதியாகத் தேநீர் குடிக்க மாட்டார்கள். கார்பன் மோனாக்சைடும் டை ஆக்சைடும் தாள் கருகுவதைக் காட்டும். சங்கிலி அறும்போது பிறக்கும் ஃபியூரான் சேர்மங்களை அளந்து, தாளில் எத்தனை கண்ணி மிச்சம் என்று மதிப்பிடும் முறையும் உண்டு. இதற்கெல்லாம் மேலே, 1921-இல் மாக்ஸ் புக்கோல்ஸ் கண்டுபிடித்த ரிலே இன்றும் தொட்டிக்கும் மேலேயுள்ள எண்ணெய்க் கலமான கன்சர்வேட்டருக்கும் இடையிலான குழாயில் உட்கார்ந்து, குமிழி ஏறுகிறதா என்று காத்திருக்கிறது.

ஆனாலும் இவை எல்லாம் ஊகத்துக்கான தடயங்கள்தான். ஃபியூரான் சொல்வது தொட்டியிலுள்ள தாள் அனைத்தின் சராசரியை. மின்மாற்றி சராசரியில் சாவதில்லை. சுருளின் உச்சியில், எண்ணெய் நன்றாக ஓடாத ஒரு மூலையில், மிகச் சூடான நாலைந்து சுற்றுகளில் சாகிறது. அந்த நாலைந்து சுற்றின் தாள் மொத்தத் தாளில் ஒரு துளி. அதன் குரல் சராசரியில் அமுங்கிவிடும். நடுவில் ஒருமுறை எண்ணெயை வடிகட்டியிருந்தால், அதுவரை சேர்ந்திருந்த சாட்சியமும் வடிகட்டியோடு போயிருக்கும். “ஆயில் ரிசல்ட் நல்லாத்தான் சார் இருக்கு” என்று கெமிஸ்ட் சொல்லும்போது, அது எண்ணெயைப் பற்றிய செய்தியா, தாளைப் பற்றிய செய்தியா என்று கேட்கத் தெரிந்தவர்தான் நல்ல பராமரிப்புப் பொறியாளர்.

இதோடு வேறு வயதுகளும் குறுக்கே வருகின்றன. அனல்மின் நிலையத்தின் பயன்காலம் 25 ஆண்டுகள் என்று மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண விதி எழுதிவைத்திருக்கிறது. அது கணக்கேட்டின் வயது. தேய்மானம் கழித்துப் பத்து சதவீதம் மிச்ச மதிப்பு வைக்கும் வயது. பெயர்ப்பலகையில் பொறித்திருப்பது காலண்டர் வயது. தாளின் வயது இரண்டையும் சட்டைசெய்வதில்லை. துணைமின் நிலையங்களில் மின்மாற்றிகள் பெரும்பாலும் ஜோடியாக, ஒன்று போனால் மற்றது தாங்கும்படி, பாதிச் சுமையில் ஓடுகின்றன. அரை நூற்றாண்டு தாண்டுவதும் உண்டு. ஜி.டி.க்கு ஜோடி கிடையாது. யூனிட் முழுச் சுமையில் ஓடினால் அதுவும் முழுச் சுமையில், இரவு பகலாக. ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு மின்மாற்றிகளில் ஒன்று நடுவயதிலும் மற்றது அந்திமத்திலும் இருக்கலாம்.

இப்போது புதிதாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பகலில் சூரிய மின்சாரம் பெருகுவதால் அனல் யூனிட்டுகள் நண்பகலில் தணிந்து, மாலையில் மறுபடி ஏறவேண்டும். 40 சதவீதச் சுமை வரை இறங்கி ஓடும் திறன் வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2023 விதிமுறை கேட்கிறது. சுமை இறங்கினால் எண்ணெய் குளிர்ந்து சுருங்கும்; பழைய வகை மின்மாற்றியில் அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே வரும். வழியில் பிரீதருக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளவேண்டும். நீலநிறமாக இருந்தது ரோஜா நிறமாகிவிட்டால் இனி அதனால் முடியாது என்று அர்த்தம். நாள்முழுதும் ஒரே சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்த ஜி.டி. இப்போது தினமும் ஒரு பெருமூச்சு விடுகிறது. கடற்கரையில் இருக்கும் நிலையத்தில் அந்த மூச்சு எவ்வளவு ஈரமானது என்று சொல்லத் தேவையில்லை. முதிர்ந்த தாளுக்கு இது கூடுதல் சுமை, ஆனால் எந்தப் பெயர்ப்பலகையிலும் இதற்கு இடம் இல்லை.

*

தடயம் கையில் இருந்தும் முடிவு எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2025-இல் லண்டன் காட்டியது. அது மின்நிலையம் அல்ல, நார்த் ஹைட் என்ற துணைமின் நிலையம். மார்ச் 20 இரவு அங்கே ஐம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய மின்மாற்றி ஒன்று தீப்பற்றியது. அதற்குள் இருந்த எண்ணெய் சுமார் 25,000 லிட்டர் என்றது தீயணைப்புத் துறை. ஏறத்தாழ 67,000 இணைப்புகள் இருண்டன. மறுநாள் ஹீத்ரோ விமான நிலையம் மூடிக்கிடந்தது; ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் பாதிக்கப்பட்டன. அந்நாட்டு மின்கட்டமைப்பை மேற்பார்க்கும் நீசோ அமைப்பு ஜூலை 2 அன்று இறுதி அறிக்கையை வெளியிட்டது. மின்மாற்றியின் உயரழுத்தப் புஷிங் ஒன்றில் ஈரம் புகுந்து அது வெடித்ததே காரணம் என்றது அறிக்கை. அதில் எல்லோரையும் உறுத்திய வாக்கியம் வேறு. அந்தப் புஷிங்கின் எண்ணெயில் ஈரம் அளவு மீறியிருப்பதை 2018 ஜூலையில் எடுத்த மாதிரியே காட்டியிருந்தது. அவ்வளவு ஈரம் கண்டால் உடனே மாற்றவேண்டும் என்று நிலையத்தை நடத்தும் நிறுவனத்தின் சொந்த வழிகாட்டியே சொல்கிறது. மாற்றவில்லை. 2022-இல் செய்யவேண்டிய பராமரிப்பும் தள்ளிப்போனது.

இந்தக் கதையைக் கேட்டதும் ‘பழசைத் தூக்கி எறி’ என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் சாட்சியம் அப்படிச் சொல்லவில்லை. பழுதடைந்தது ஒரு புஷிங். அதை மட்டும் மாற்றியிருந்தால் அந்த மின்மாற்றி இன்னும் சில காலம் ஓடியிருக்கலாம். எண் தெரிந்திருந்தது, விதி எழுதியிருந்தது, ஆள் இருந்தார்கள். எண்ணிலிருந்து கைக்குப் போகும் வழி மட்டும் அடைபட்டிருந்தது. ஏழு கோடைகள் அந்த எந்திரம் எந்தக் குறையும் காட்டாமல் ஓடியதே அந்த அடைப்புக்குத் துணைபோயிருக்கும். ஓடுகிற எந்திரத்தைப் போல் ஏமாற்றக்கூடியது எதுவும் இல்லை.

புதுசும் அப்படியொன்றும் உத்தரவாதம் தருவதில்லை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகின் பல பகுதிகளில் இளம் மின்மாற்றிகள் பல எரிந்துபோயின. காரணம் எண்ணெயில் இருந்த ஒரு கந்தகச் சேர்மம். அது செம்போடு சேர்ந்து செப்புச் சல்ஃபைடாகித் தாளில் படிந்து, மின்தடுப்பாக இருந்த தாளையே மின்கடத்தியாக்கியது. ஐம்பது, அறுபதுகளில் கணிப்பொறி இல்லாமல் வடிவமைத்தவர்கள் தெரியாத இடத்தில் எல்லாம் கொஞ்சம் கூடுதலாகச் செம்பும் தாளும் வைத்தார்கள். இன்றைய வடிவமைப்பு தேவையைத் துல்லியமாக அறியும். ஆகவே தேவைக்கு மேல் வைப்பதில்லை. அறியாமை தந்த கூடுதல் கனத்தில் எத்தனையோ பழைய மின்மாற்றிகள் தம் காலத்தைத் தாண்டி வாழ்ந்திருக்கின்றன. ஒரு நல்ல கிழவனை அனுப்பிவிட்டு ஒரு நோயாளிப் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தும் சாத்தியம் எப்போதும் உண்டு. மாற்றுவதா வேண்டாமா என்று கேட்டால், இரண்டு பக்கமும் பயப்படக் காரணம் இருக்கிறது.

*

மாற்றுவது என்று முடிவானாலும் நாளைக்கே மாற்றிவிட முடியாது. இன்று ஆர்டர் கொடுத்தால் பெரிய மின்மாற்றி கைக்கு வர இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் காற்றாலைக்கும் தரவு மையங்களுக்கும் மின்மாற்றி கேட்டு வரிசையில் நிற்கிறது. கடையில் அடுக்கிவைத்து விற்கும் பொருள் அல்ல இது. வோல்ட்டேஜ், மின்மறுப்பு, புஷிங்கின் உயரம், தண்டவாளத்தின் அகலம் எல்லாம் பழையதன் இடத்தில் பொருந்தும்படி ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்விக்கவேண்டும். ஆகவே தாள் முந்நூறில் இருக்கும்போது ஆர்டர் கொடுத்தால்தான் இருநூறைத் தொடுவதற்குள் புதியது வரும். எந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குப் பதிலாளைத் தேடவேண்டும் என்பது இந்த வேலையின் இயல்பு. 500 மெகாவாட் யூனிட்டுகளில் ஒரே பெரிய மின்மாற்றிக்குப் பதில் மூன்று ஒற்றைக் கட்ட மின்மாற்றிகளை வைத்து, நான்காவது ஒன்றைத் தயாராக நிறுத்திவைக்கும் வழக்கம் வந்ததற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம்.

எண்ணெய் இல்லாமலே நூறு டன்னுக்கு மேல் கனக்கும் தொட்டி, உலர்காற்று நிரப்பி மூடிய நிலையில், பத்துப் பதினைந்து அச்சுகள் கொண்ட ஹைட்ராலிக் டிரெய்லரில் கிளம்புகிறது. வழியிலுள்ள சிறுபாலங்கள் தாங்குமா என்று பார்க்கவேண்டும். சாலைக்குக் குறுக்கே போகும் மின்கம்பிகளை நிறுத்தி உயர்த்தவேண்டும். மின்சாரம் அனுப்பப்போகிற எந்திரம் ஊர் ஊராகக் கரண்டை நிறுத்திக்கொண்டு வருகிறது. தொட்டியோடு பயணம் செய்யும் ஓர் அதிர்வுப் பதிவுக்கருவி, எந்தப் பள்ளத்தில் எவ்வளவு குலுக்கல் என்று குறித்துக்கொண்டே வரும். நிலையத்தில் இறக்கியதும் முதலில் படிப்பது அந்தப் பதிவைத்தான். வழியில் ஒருமுறை பலமாக அடிபட்டிருந்தால், வந்த புதுசே சந்தேகத்துக்குரியதாகிவிடும்.

யூனிட்டை நிறுத்தி, எல்.சி. என்கிற லைன் கிளியர் அனுமதி வாங்கி, எர்த் கட்டி, பழையதன் எண்ணெயை வடித்து, புஷிங்குகளைக் கழற்றி, தண்டவாளத்தில் ஜாக்கி வைத்து இழுத்து வெளியே கொண்டுவருகிறார்கள். புதியதை உருட்டி அதே இடத்தில் நிறுத்துகிறார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை, அதுவும் தாளைச் சுற்றியே நடக்கிறது. தொட்டியிலிருந்து காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, தாளில் ஒட்டியிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறும்வரை காத்திருக்கவேண்டும். வாயுவும் நீரும் நீக்கிய எண்ணெயைச் சூடாக்கிக் கீழிருந்து மெல்ல ஏற்றவேண்டும். பிறகு சூடான எண்ணெயை நாள்கணக்கில் சுற்றவிடவேண்டும். ஃபில்ட்ரேஷன் மெஷின் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு, பம்பின் சத்தம் மாறினால் தூக்கத்திலும் விழிப்பு வரும். இந்த நாள்களில் அவசரப்பட்டு மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு மணி நேரமும், பின்னால் தாளின் ஆயுளில் ஆண்டுகளாகக் கழியும். யூனிட் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் எத்தனை லட்சம் நஷ்டம் என்று மேலிடத்திலிருந்து போன் வந்துகொண்டேதான் இருக்கும்.

கடைசியில் சார்ஜ் செய்கிற நாள். தொட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைப்பார்கள். துணைமின் நிலைய மின்மாற்றிக்கு முழு வோல்ட்டேஜும் ஒரே அடியில் வந்து விழும். ஜி.டி.க்கு ஒரு சலுகை உண்டு: ஜெனரேட்டரின் தூண்டலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, சுழியிலிருந்து முழு வோல்ட்டேஜ் வரை மெல்லக் கொண்டுபோகலாம். ஒவ்வொரு படியிலும் நிறுத்திக் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

*

மேட்டூர் அணைத் தேக்கத்துக்கு 1934-இலிருந்து ஓர் ஆளுநரின் பெயர் இருக்கிறது. எந்த மின்நிலையத்தின் முகப்பிலும் திறந்துவைத்தவர் பெயரோடு கல்வெட்டு உண்டு. மேட்டூர் அணை மின்நிலையத்தில் 10 மெகாவாட் எந்திரங்கள் பின்னாளில் 12.5 ஆக உயர்த்தப்பட்டன. பாபநாசத்தில் 7 மெகாவாட் 8 ஆயிற்று. 1944-இல் தொடங்கிய பாபநாசம் இன்றும் ஓடுவது, நடுவில் யார் யாரோ எதை எதையோ உரிய நேரத்தில் மாற்றியதால்தான். அவர்களுக்குக் கல்வெட்டு கிடையாது. கல்வெட்டு இல்லாதது பெரிய குறை என்று நான் நினைக்கவில்லை. இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது: அவர்கள் செய்தது சரிதான் என்று காட்டுவதற்கு அவர்களிடமே எதுவும் இல்லை.

விபத்துக்கு முன்னால் மாற்றினால் விபத்து நடப்பதில்லை. நடக்காத விபத்துக்கு யார் சாட்சி சொல்வார்கள்? “நல்லா ஓடிட்டிருந்ததை எதுக்குக் கழட்டினீங்க?” என்று தணிக்கைக்காரர் கேட்டால், பொறியாளர் எண்ணெய் அறிக்கையை நீட்டலாம். அந்த அறிக்கையோ ஊகம். மாற்றாமல் விட்டவருக்கு இந்தக் கேள்வி வருவதில்லை. அவர் இருக்கும்வரை எந்திரம் ஓடியது, மாற்றலாகிப் போனபின் வெடித்தால் அது அடுத்தவர் கணக்கு. நம் அலுவலகங்களில் தள்ளிப்போடுவது ஏன் இவ்வளவு பாதுகாப்பானது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. சோம்பலை விட இதில் பெரிய பங்கு சாட்சியமின்மைக்கு. முன்யோசனை உள்ளவரும் வெறுமனே பயந்தவரும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி தெரிகிறார்கள்.

ஆனால் இந்த விஷயத்தில் சாட்சியம் இல்லாமல் இல்லை. அது யார்டு மூலையில், ஓய்வுபெற்ற தொட்டிக்குள் இருக்கிறது. ஓடும்போது தொடமுடியாத தாளை இப்போது தொடலாம். சுருளின் உச்சியிலிருந்து அடிவரை, இடம் குறித்து, விரல் நீளத் துண்டுகளாக வெட்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், ஒவ்வொரு இடத்திலும் எத்தனை கண்ணி மிச்சம் என்று தெரிந்துவிடும். இருநூற்றைம்பது என்று வந்தால், கழற்றியவர் உரிய நேரத்தில் கழற்றினார். எழுநூறு என்று வந்தால் அவசரப்பட்டார். அதுவும் உபயோகமான செய்திதான். தூத்துக்குடியில் 210 மெகாவாட்டில் ஐந்து யூனிட்டுகள், மேட்டூர் அனல்மின் நிலையத்தில் நான்கு. கிட்டத்தட்ட ஒரே வேலையைச் செய்து, ஒரே வெயிலில் நின்ற உடன்பிறப்புகள். ஒன்றின் உடற்கூறாய்வு மற்றவற்றின் வைத்தியக் குறிப்பு.

பிரிட்டனின் நேஷனல் கிரிட் பணியிலிருந்து எடுத்த மின்மாற்றிகளை இப்படிப் பிரித்துப் பார்ப்பதைப் பல ஆண்டுகளாக ஒரு முறையாகவே வைத்திருந்தது. மின்மாற்றி எப்படி மூப்படைகிறது என்று உலகம் இன்று அறிந்திருப்பதில் அந்த வேலைக்குப் பங்கு உண்டு. நார்த் ஹைட் அதே நேஷனல் கிரிட்டின் துணைமின் நிலையம்தான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அறிவது வேறு, அறிந்ததைக் கைக்குக் கொண்டுவருவது வேறு. ஆனால் அறியவே முயலாதவர்களுக்கு இரண்டாவது பிரச்சினை வருவதே இல்லை.

நம்மிடம் பழைய மின்மாற்றி ஏலத்துக்குப் போகிறது. ஏலம் எடுப்பவருக்கு வேண்டியது செம்பு. எடை போட்டு விலை பேசும் செம்பு. எண்ணெய்க்குத் தனி விதி உண்டு: அதில் பி.சி.பி. என்ற நச்சுச் சேர்மம் இருந்தால் என்ன செய்வது என்று மத்திய அரசின் 2016 ஆணை சொல்கிறது. அந்தச் சேர்மத்தின் பயன்பாட்டுக்கு 2025 டிசம்பர் முடிவு என்று நாளும் குறித்தது. செம்புக்கு விலை இருக்கிறது, எண்ணெய்க்குச் சட்டம் இருக்கிறது. தாளுக்கு இரண்டும் இல்லை. செம்பிலிருந்து தாளை உரித்துக் குப்பையில் போடுகிறார்கள், அல்லது எரிக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக உள்ளே என்ன நடந்தது என்பதன் ஒரே எழுத்துச் சாட்சி அதோடு போகிறது. அடுத்த யூனிட்டின் ஜி.டி.யை எப்போது மாற்றுவது என்று அடுத்த பொறியாளர் மறுபடி ஊகத்திலிருந்தே தொடங்குகிறார், தணிக்கைக்காரரின் அதே கேள்வியோடு.

பெங்களூரில் மத்திய மின்சார ஆராய்ச்சி நிறுவனம் 1960-இலிருந்து இருக்கிறது. தாளின் டி.பி. அளப்பது நிலைபெற்ற பழைய சோதனை. மின்மாற்றியின் விலையோடு வைத்துப் பார்த்தால் சோதனைக்கு ஆகும் செலவு கணக்கில் எடுக்கத் தகாத தொகை. தேவைப்படுவது ஏல நிபந்தனைகளில் கூடுதலாக ஒரே ஒரு வரி: செம்பை எடுத்துக்கொள், ஆனால் நிலையத்தின் ஆள் வந்து தாளை வெட்டி எடுத்த பிறகு.